காவிரிப் படுகைக் கடலில் மிதவை எரிவாயு நிலையங்களை நங்கூரமிடல்

மிதவை எரிவாயு நிலையத்தை நங்கூரமிடல் என்பது, கடலடிக் கிணறுகளிலிருந்து எண்ணெயையோ இயற்கை எரிவாயுவையோ எடுத்துப் பிரித்துத் தூய்மை செய்யும் மிதக்கும் கலம் ஒன்றைச் சங்கிலி, கம்பிவடம், நங்கூரம் ஆகியவற்றின் துணையால் ஓரிடத்தில் பல ஆண்டுகள் நிலைநிறுத்தும் பொறியியற் பணி ஆகும். துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல் நங்கூரம் பாய்ச்சுவதும் இதுவும் ஒன்றல்ல. கப்பல் புயலுக்கு முன் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு விலகிவிடலாம். உற்பத்திக் கலமோ கிணறுகளுடன் குழாய்களால் பிணைக்கப்பட்டிருப்பதால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்று புயலை எதிர்கொள்ள வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் எரிவாயு குறித்த விவாதம் பெரும்பாலும் நெல்வயல்களைச் சுற்றியே நடந்து வந்துள்ளது. 2020க்குப் பின் நிலத்தில் புதிய கிணறுகளுக்குச் சட்டத் தடை ஏற்பட்டுள்ள நிலையில், கடற்பகுதி முக்கியத்துவம் பெறுகிறது. கடலில் மிதக்கும் நிலையம் நிலத்தைத் தொடுவதில்லை என்பது பொதுவான எண்ணம். நங்கூரமிடும் முறையைப் பார்த்தால், அதுவும் பெரும் பரப்பிலான நிலத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது என்பதும், அந்த நிலம் நீருக்கு அடியில் உள்ளது என்பதும் விளங்கும்.

பின்னணி

காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு தேடும் பணி 1950களின் இறுதியிலிருந்து நடைபெற்று வருகிறது. 1980களில் நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள நரிமணத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. படுகையில் கிடைத்த எரிவாயுவைக் கொண்டு குத்தாலம், கோவில்களப்பால் ஆகிய இடங்களில் மின்நிலையங்கள் நிறுவப்பட்டன.

2010இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க உரிமம் வழங்கப்பட்டது. இதற்கு உழவர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் இவ்வெதிர்ப்பில் முன்னின்றார். 2013 திசம்பரில் பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் அவர் காலமானார். 2017இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலிலும், அதே ஆண்டு சூன் 30 அன்று குழாய்க் கசிவு ஏற்பட்ட தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்திலும் போராட்டங்கள் நடைபெற்றன.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் புதிதாக எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை எரிவாயு முதலியவற்றைத் தேடுவதும் துளையிட்டு எடுப்பதும் தடை செய்யப்பட்டன. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளும், துறைமுகம், குழாய்வழி போன்ற கட்டமைப்புத் திட்டங்களும் தடைக்கு வெளியே வைக்கப்பட்டன. மண்டலம் மாவட்டங்களையும் வட்டாரங்களையும் கொண்டு வரையறுக்கப்பட்டதால், அதன் எல்லை கரையோடு முடிகிறது. கடலில் எண்ணெய், எரிவாயு உரிமம் வழங்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் உள்ளது.

2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு திறந்த பரப்பு உரிமக் கொள்கையின் பத்தாம் சுற்று ஏலத்தை அறிவித்தபோது, காவிரிப் படுகையின் ஆழ்கடற்பகுதியும் அதில் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு மீனவர் வாழ்வாதாரத்தையும் கடற்சூழலையும் சுட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. ஏலத்துக்கு விடுவதும் நிலையம் அமைப்பதும் ஒன்றல்ல. நில அதிர்வு ஆய்வு, ஆய்வுக் கிணறு, இருப்பு மதிப்பீடு, முதலீட்டு முடிவு எனப் பல ஆண்டுப் படிகள் இடையில் உள்ளன. ஆயினும் இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள, கடைசிப் படியில் கடலடியில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே அறிதல் பயன்தரும்.

காவிரிக் கடலில் முன் நிகழ்வுகள்

இக்கடலுக்கு மிதவை நிலையம் புதியதன்று. புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ள பி.ஒய்-3 எண்ணெய்க் களம் 1988இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தால் (ஓ.என்.ஜி.சி) கண்டுபிடிக்கப்பட்டது. அக்களத்தில் கடலின் ஆழம் 40 மீட்டரிலிருந்து 450 மீட்டர் வரை மாறுபடுகிறது. சோழமண்டலக் கரையின் கண்டத்திட்டு குறுகலானது. சிறிது தொலைவுக்குள்ளேயே கடலடி செங்குத்தாகச் சரிகிறது. இத்தகைய சரிவில் காலூன்றி நிற்கும் மேடையை அமைப்பது கடினம். எனவே 1997இல் உற்பத்தி தொடங்கியபோது, கடலடிக் கிணறுகளும் தகாரா என்னும் மிதவை உற்பத்திக் கலமும் பயன்படுத்தப்பட்டன. பிரித்தெடுத்த எண்ணெய் எண்டவர் என்னும் சேமிப்புக் கப்பலில் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் மிதவை உற்பத்தி முறையையும் கடலடிக் கிணற்றுத்தலைகளையும் பயன்படுத்திய முன்னோடிக் களங்களுள் இது ஒன்று. மிதவைக் கலங்களுக்கான ஒப்பந்தம் முடிவுற்ற நிலையில் 2011 சூலையில் உற்பத்தி நின்றது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகக் களம் மூடப்பட்டே இருந்தது.

அருகிலுள்ள பி.ஒய்-1 எரிவாயுக் களம் வேறு வழியைப் பின்பற்றியது. அங்கு நிலையான மேடை அமைக்கப்பட்டு, கடலடிக் குழாய் வழியாகத் திருக்கடையூரை அடுத்த பிள்ளைப்பெருமாள்நல்லூருக்கு 2009 நவம்பரில் எரிவாயு வந்தது. எதிர்பார்த்ததைவிட விரைவாக அதன் விளைச்சல் குறைந்தது.

இவ்விரு களங்களும் இரு வேறு வகை விளைவுகளைக் காட்டுகின்றன. நிலையான மேடையும் குழாயும் கரையுடன் நிலைத்த பிணைப்பை உண்டாக்குகின்றன. மிதவை நிலையம் வந்த வழியே திரும்பிச் செல்லக்கூடியது. ஆனால் அது சென்ற பின்னும் கிணறுகள் கடலடியில் இருக்கின்றன.

ஆந்திரக் கடலில் கிருட்டிணா-கோதாவரிப் படுகையில் திருபாய்-1 என்னும் மிதவைக் கலம் 2008 செப்டம்பரில் உற்பத்தியைத் தொடங்கியது. அதே படுகையில் ஓ.என்.ஜி.சியின் ஆழ்கடல் களத்துக்கான ஆர்மடா ஸ்டெர்லிங்-5 கலம் 2023 சனவரியில் வந்து சேர்ந்தது. முதல் எண்ணெய் 2024 சனவரி 7 அன்று வெளிவந்தது. கலம் வந்து சேர்வதற்கும் உற்பத்தி தொடங்குவதற்கும் இடையே ஓராண்டு கடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

நங்கூர அமைப்பு செயற்படும் முறை

நங்கூரச் சங்கிலி இழுத்துக் கட்டிய கயிறு போல நேராக இருப்பதில்லை. அது கலத்திலிருந்து வளைந்து தொங்கி, கடலடியைத் தொட்டு, பின் நெடுந்தொலைவு தரையில் கிடந்து நங்கூரத்தை அடைகிறது. காற்றோ நீரோட்டமோ கலத்தைத் தள்ளும்போது, தரையில் கிடந்த சங்கிலியின் ஒரு பகுதி மேலே தூக்கப்படுகிறது. தூக்கப்பட்ட சங்கிலியின் எடை கலத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. கலம் மேலும் விலக விலக, இழுவிசையும் கூடுகிறது. எனவே, கலத்தை இடத்துக்கு மீட்கும் வேலையைப் பெரும்பாலும் சங்கிலியின் எடையே செய்கிறது. தரையில் கிடக்கும் பகுதி நங்கூரத்தின் மீது விழும் இழுப்பைக் கிடைமட்டமாக வைக்கிறது.

எடையின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 100 மி.மீ. தடிப்புள்ள எஃகுக் கம்பியால் ஆன, குறுக்குத்தண்டு இல்லாத சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோகிராம் எடை கொண்டது. ஒரு சங்கிலி 1,000 மீட்டர் நீளம் எனில் 200 தொன். இவ்வாறு 12 சங்கிலிகள் எனில் 2,400 தொன். ஆழம் மிகும்போது இவ்வெடையைக் கலமே சுமக்க இயலாது. ஆதலால் நடுப்பகுதியில் கம்பிவடமோ செயற்கை இழை வடமோ பயன்படுத்தப்படுகிறது.

கலத்தைக் கட்டும் முறைகள் இரண்டு. பரவல் முறையில் கலத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் சங்கிலிகள் செல்கின்றன. கலம் ஒரே திசையை நோக்கி நிற்கும். சுழல்மேடை முறையில் எல்லாச் சங்கிலிகளும் ஒரு பெரிய உருளையில் இணைகின்றன. கலம் அதனைச் சுற்றிக் காற்றின் திசைக்கேற்பத் திரும்பும். காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் வங்கக் கடலில் இரண்டாம் முறைக்குச் சிறப்புப் பயன் உண்டு. ஆசுத்திரேலியாவின் வடமேற்கே 2017இல் நிறுவப்பட்ட, 488 மீட்டர் நீளமுள்ள பிரிலூட் மிதவை நீர்ம எரிவாயு நிலையம், ஏறத்தாழ 250 மீட்டர் ஆழத்தில் 16 சங்கிலிகளால் சுழல்மேடை முறையில் கட்டப்பட்டுள்ளது.

நங்கூரங்களும் பல வகைப்படும். இழுவை நங்கூரம் ஏர்க்கொழுவைப் போன்றது: இழுக்க இழுக்க மண்ணுள் ஆழமாக இறங்கும். ஆனால் மேல்நோக்கி இழுத்தால் பிடி தளரும். உறிஞ்சு தூண் என்பது மேற்புறம் மூடி, அடிப்புறம் திறந்த பெரிய எஃகு உருளை. அது தன் எடையால் சேற்றில் சிறிது அமிழ்ந்த பின், உள்ளிருக்கும் நீரை வெளியேற்றினால் வெளிநீரின் அழுத்தம் அதனைத் தரைக்குள் தள்ளும். கெட்டியான தரையில் தூண்கள் அடித்திறக்கப்படுகின்றன. எது பொருந்தும் என்பதைக் கடலடி மண்ணே தீர்மானிக்கிறது.

ஆயத்தப் பணிகள்

கலம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. அதன் முதன்மைப் படிகள் பின்வருமாறு:

1. கடலடி அளவாய்வு: ஒலியலைக் கருவிகளால் கடலடியின் மேடுபள்ளங்களும் மண்ணடுக்குகளும் வரையப்படுகின்றன. ஒவ்வொரு நங்கூர இடத்துக்கும் அருகே மண் மாதிரி எடுக்கப்படுகிறது. சரிவான கண்டத்திட்டு விளிம்பில் மண்சரிவு வாய்ப்பும் ஆராயப்பட வேண்டும்.
2. காற்று, அலை, நீரோட்டத் தரவு: பொதுவாக நூறாண்டுக்கு ஒருமுறை நிகழக்கூடிய புயலுக்கு அமைப்பு தாங்கும்படி கணக்கிடப்படுகிறது.
3. வடிவமைப்பு: எல்லாச் சங்கிலிகளும் இருக்கும் நிலைக்கும், ஒரு சங்கிலி அறுந்த நிலைக்கும் தனித்தனியே கணக்கிடப்படும். ஐ.எஸ்.ஓ 19901-7 என்னும் பன்னாட்டுத் தரம் இதற்கு வழிகாட்டுகிறது.
4. உற்பத்தியும் சோதனையும்: சங்கிலியின் ஒவ்வொரு பகுதியும் குறித்த சுமைக்கு இழுத்துச் சோதிக்கப்பட்டுச் சான்றளிக்கப்படுகிறது.
5. துறைமுகத் தளம்: சங்கிலிகள், இணைப்பான்கள், நங்கூரங்கள் ஆகியவை இறங்கும் வரிசையில் அடுக்கப்படுகின்றன. எந்தப் பகுதி எந்த நங்கூரத்துக்கு உரியது என்பது அடையாளமிடப்படுகிறது. இங்கு நேரும் வரிசைப்பிழை கடலில் பல நாள் தாமதமாக மாறும்.

ஒரு சங்கிலி அறுந்த நிலையையும் கணக்கிடுவது வெறும் மிகையன்று. 2011 பிப்ரவரி 4 அன்று வடகடலில் கிரிபான் ஆல்பா என்னும் மிதவை உற்பத்திக் கலத்தின் பத்துச் சங்கிலிகளுள் நான்கு கடும்புயலில் அறுந்தன. கலம் இடம்பெயர்ந்து கடலடிக் கட்டமைப்புகள் சேதமுற்றன. உற்பத்தி நெடுங்காலம் நின்றது. பெரும்புயலில் ஒன்றின் பின் ஒன்றாகச் சங்கிலிகள் இழக்கப்படலாம் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

நங்கூரமிடலின் தொடக்கம்

கடற்பணி இரு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டம் முன்கூட்டிப் பதித்தல். நங்கூரம் கையாளும் இழுவைக் கப்பல்கள் நங்கூரங்களை உரிய இடத்தில் இறக்கி, இழுத்துச் சோதித்து, சங்கிலிகளைக் கடலடியில் கிடத்துகின்றன. தொலைவிலிருந்து இயக்கப்படும் நீரடிக் கருவி ஒவ்வொரு இணைப்பையும் படம் பிடித்துச் சரிபார்க்கிறது. இச்சங்கிலிகள் கலம் வரும்வரை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அங்கேயே கிடக்கும். மேலே கலம் எதுவும் தென்படாத இக்காலத்திலும் கீழே தடை உள்ளது.

இரண்டாம் கட்டம் இணைத்தல். கலம் இழுவைக் கப்பல்களால் கொண்டுவரப்பட்டு, அவற்றாலேயே பல திசைகளிலும் இழுத்து நடுவில் நிறுத்தப்படுகிறது. எதிரெதிர்த் திசைச் சங்கிலிகள் மாறி மாறி மேலேற்றப்பட்டுக் கலத்திலுள்ள பிடிப்பான்களில் பூட்டப்படுகின்றன. பின்னர் ஒவ்வொன்றின் இழுவிசையும் கணக்கிட்ட அளவுக்குச் சரிசெய்யப்படுகிறது. கிணற்றுக் குழாய்கள் இதன் பின்னரே இணைக்கப்படும்.

இப்பணியில் மிகவும் இடர் மிக்க காலம் முதற் சங்கிலி பூட்டப்பட்டதற்கும், புயலைத் தாங்கப் போதுமான எண்ணிக்கை நிறைவதற்கும் இடைப்பட்டதாகும். இக்காலத்தில் கலம் எளிதில் விலகிச் செல்லவும் முடியாது. நின்று தாங்கவும் முடியாது. ஆகவே போதிய நாள்களுக்கு அமைதியான கடல் இருக்கும் என்ற வானிலை முன்னறிவிப்பு கிடைத்த பின்னரே இணைப்புத் தொடங்கப்படுகிறது.

பருவமும் மீன்பிடித் தடைக்காலமும்

சோழமண்டலக் கடலில் அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் நிகழும் காலம். 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகிலும், 2008 நவம்பரில் காரைக்கால் அருகிலும் (நிசா), 2011 திசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையிலும் (தானே), 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகிலும் (கஜா) புயல்கள் கரையைக் கடந்தன. கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் பேரழிவுக்கு உள்ளாயின. இம்மாதங்களில் இணைப்புப் பணி மேற்கொள்ளுதல் பொருந்தாது.

எனவே பணிக்கு ஏற்ற காலம் பெரும்பாலும் ஆண்டின் முற்பகுதியிலேயே அமையும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உள்ளது. அமைதியான கடலும் தடைக்காலமும் ஓரளவு ஒன்றுபடுகின்றன. அவ்வேளையில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் கடற்பணிக்கு இடையூறு குறையும். ஆனால் தடைக்காலத்தின் நோக்கம் மீன்களின் இனப்பெருக்கத்துக்கு இடையூறின்மை தருவதாகும். வலைகளை நிறுத்தி வைத்த அதே வாரங்களில் கடலடியைக் கலக்குவது அந்நோக்கத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது முன்கூட்டியே ஆராயப்பட வேண்டிய வினா. மேலும், தடைக்காலத்திலும் தொழில் செய்யும் நாட்டுப்படகு மீனவருக்கு இவ்விலகல் காலம் இல்லை.

பாதுகாப்பு வலயமும் கடலடிப் பரப்பும்

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, கடல் நிலையங்களைச் சுற்றிப் பொதுவாக 500 மீட்டருக்கு மிகாத பாதுகாப்பு வலயத்தை அனுமதிக்கிறது. இவ்வலயத்துள் பிற கலங்கள் நுழையக்கூடாது. இந்தியாவில் கடல்சார் எண்ணெய்ப் பணிகளின் பாதுகாப்பை 2008ஆம் ஆண்டின் விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன.

கலத்தை ஒரு புள்ளியாகக் கொண்டால், 500 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர கி.மீ. நங்கூரங்கள் 1 கி.மீ. தொலைவில் இருந்தால் அவற்றை உள்ளடக்கும் வட்டம் ஏறத்தாழ 3.1 சதுர கி.மீ., அதாவது நான்கு மடங்கு. மேற்பரப்பில் நுழையத் தடையுள்ள இடத்தைவிடக் கடலடியில் சங்கிலி கிடக்கும் இடம் பெரிது. நீரின் மேற்பகுதியில் வலை விரிப்போருக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. தரையைத் தொட்டு இழுக்கும் இழுவை மடிகளுக்கோ இது வலையையும் படகையும் இழக்கச் செய்யும் வேறுபாடாகும். வலயத்துக்கு வெளியே செல்லும் படகு சட்டத்தை மீறவில்லை. ஆயினும் அதன் மடி சங்கிலியில் சிக்கலாம்.

இதனால் நங்கூர வரைபடம் பொதுவில் கிடைப்பது முக்கியமாகிறது. நாகப்பட்டினம், காரைக்கால், பழையாறு, தரங்கம்பாடி ஆகிய ஊர்களின் படகுகள் பலவற்றில் புவிநிலை காட்டும் கருவிகள் உள்ளன. ஒவ்வொரு நங்கூரத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளும் முன்பதிவுக் கட்டத்திலேயே தமிழில் வழங்கப்பட்டால், அவற்றைக் கருவியில் பதிந்துகொள்வது எளிது.

தஞ்சாவூர் மாவட்டத்தின் கடற்கரை பாக்கு நீரிணைப் பகுதியில் அமைந்துள்ளது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் ஆகிய ஊர்களுக்கு எதிரேயுள்ள கடல் மிகவும் ஆழம் குறைந்தது; பெரிய மிதவைக் கலங்களுக்கு ஏற்றதன்று. ஆகவே மிதவை நிலையம் அமையும் வாய்ப்பு கோடியக்கரைக்கு வடக்கேயுள்ள ஆழமான கடலிலேயே அதிகம்.

நிறைகளும் குறைகளும்

மிதவை முறையின் நிறைகள்: வயல்களில் கிணறோ சேகரிப்புக் குழாய்களோ தேவைப்படுவதில்லை, நிலத்தடி நீர் தொடப்படுவதில்லை, களம் வற்றியபின் கலத்தை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லலாம்.

குறைகள்: இழப்பு உழவரிடமிருந்து மீனவருக்கு இடம் மாறுகிறது. வயல் இழப்போருக்குப் பட்டா, இழப்பீடு என்னும் சட்டவழிகள் உள்ளன. கடலில் மீன்பிடி இடத்துக்கு எவரிடமும் பட்டா இல்லாததால், இழப்பை மெய்ப்பிப்பது கடினம். எரிவாயுவைக் கலத்திலேயே நீர்மமாக்காவிடில், அது குழாய் வழியாகக் கரைக்கு வந்தாக வேண்டும். குழாய்வழிகள் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைக்குள் வாராமையால், கடலில் தொடங்கும் பணி மீண்டும் படுகையின் நிலத்தில் வந்து முடியக்கூடும்.

பணி முடிந்த பின்னர் நங்கூரங்களையும் சங்கிலிகளையும் அகற்றுவது யார் பொறுப்பு, அதற்கான நிதி எப்போது ஒதுக்கப்படுகிறது என்பன உரிமத்தின்போதே தீர்க்கப்பட வேண்டியவை. இழுவை நங்கூரத்தை மீட்டெடுக்க இயலும்; ஆழமாக அடித்திறக்கிய தூண்கள் பெரும்பாலும் கடலடி மட்டத்தில் வெட்டப்பட்டு மண்ணிலேயே விடப்படும். அளவாய்வு, நங்கூர வகை, பணிக்காலம், அகற்றும் முறை ஆகிய நான்கும் முதற் சங்கிலி நீரில் இறங்கும் முன்பே முடிவாகிவிடுகின்றன. கருத்துக் கேட்பு பயனுடையதாக அமையக்கூடிய காலமும் அதுவே ஆகும்.